சனிக்கிழமை வைத்த குழம்பு

நேற்று வைத்த கெம்போங் மீன் குழம்பை இப்போதுதான் சூடாக்கி இறக்கினேன். புளியும் வெந்தயமும் சேர்ந்த அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. உன் வீட்டு வாசனை. இத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்துவிட்டு, கடைசியில் நானும் சனிக்கிழமையே ஞாயிற்றுக்குச் சமைக்கிற ஆளாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சமைக்கமாட்டாய், துணி துவைக்கமாட்டாய், கிளினிக்குக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையைக்கூட இஸ்திரி போடமாட்டாய். குழம்பைச் சூடாக்க மட்டும் அனுமதி உண்டு. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்றல்லவா வேதத்தில் இருக்கிறது என்று ஒருநாள் உன்னை மடக்கப் பார்த்தேன். "மூட்டக்கூடாதுன்னுதான் லா இருக்கு. இது கேஸ். நான் திருகுறேன், அவ்வளவுதான்" என்றாய். வேதச் சட்டத்தை நூல் பிடித்துப் பேசும் பரிசேயர்கள் உன்னிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

நம் பெஞ்சு நினைவிருக்கிறதா? நம் ஊர்க் கோத்தா திங்கி ஆறு கோயிலுக்குள் வந்துபோன வெள்ளத்தில் ஊறி, ஒரு கால் உப்பிப்போய் ஆடிக்கொண்டே இருக்கும். வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். நீ போன வார ஆராதனைத் தாளை நாலாக மடித்துக் காலுக்குக் கீழே செருகிவிட்டு, எனக்கும் இடம் போட்டு வைத்திருப்பாய். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அது நம் இடம். நான் வாரம் முழுக்க எல்லை தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு இருட்டோடு பஸ் ஏறிப் போய்வருகிறவள். எனக்கு மனுஷி என்கிற நினைப்பு வருவதே அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காரும்போதுதான்.

பிறகு நம் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், நீ நர்ஸாக இருந்த அரசாங்கக் கிளினிக் எல்லாவற்றுக்கும் ஞாயிறு வேலை நாள். எனக்கோ சிங்கப்பூர்க் கணக்கு, ஞாயிறுதான் லீவு. மூன்று வாரம் கழித்துச் சபையில் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமை காலை ஒரு ஆராதனை, ஞாயிறு காலை ஒரு ஆராதனை என்று முடிவு செய்தார்கள். நீ வெள்ளி, நான் ஞாயிறு. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே பெஞ்சு. ஆனால் இருவரும் சேர்ந்து உட்கார வழியில்லை.

முதல் வெள்ளிக்கிழமை உனக்காக நான் லீவு போட்டு வந்தேன். போதகர் வழக்கம்போலக் கண்ணை மூடி, "இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேளையிலே எங்களைக் கூட்டிச் சேர்த்தீரே" என்று ஜெபிக்க, சபை முழுவதும் வெள்ளிக்கிழமையன்று "ஆமென்" என்றது. பிள்ளைகள் எழுந்து ஞாயிறு பள்ளிக்குப் போனார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உன்னைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

வெளியே மாமரத்தடியில் கேட்டபோது, "என் கையால கர்த்தருடைய நாளை வித்துச் சம்பளம் வாங்குற மாதிரி இருக்கு" என்றாய். வேலையை விட்டுவிடப் போவதாகவும் சொன்னாய். உன் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலம் அது. நீ வேலையை விட்டால் அந்த வீடு என்ன ஆகும்? ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தானே உண்டானது என்று நான் வசனம் சொன்னேன். "வசனம் எனக்கும் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாய். ராஜினாமா பற்றி மேலாளரிடம் பேச அடுத்த வாரம் நாள்கூடக் குறித்துவிட்டாய்.

அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. இடையில் வந்த ஞாயிறு, கையில் எண்ணெய் கொட்டிக்கொண்டு ஒருவர் உன் கிளினிக்குக்கு வந்தார். பஸ் நிலையத்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்பவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். கட்டுப் போடும்போது நீ ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்திருக்கிறாய். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"அவர் கேட்டாரு லா, ‘சிஸ்டர், இங்க ஆராதனை எத்தன மணிக்கு?’ன்னு. காலைல எட்டரைன்னு சொன்னேன். ‘அப்போ முடியாது சிஸ்டர், எங்களுக்கு மத்தியானக் கூட்டம் முடிஞ்சு மூணரைக்கு மேலதான் கொஞ்சம் விடுவாங்க’ன்னாரு. வந்து எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டேன். நாலு வருஷமாம். நாலு வருஷமா அந்த மனுஷனுக்கு ஞாயிறே வரல. எனக்கு நாலு வாரமா வரலன்னு நான் ஊரைக் கூட்டி அழுதுக்கிட்டு இருக்கேன்."

பிறகு உட்கார்ந்தாய். தண்ணீர் குடித்தாய். ஓய்வுநாள் கட்டளையைச் சின்ன வயதில் ஒப்பித்ததுபோல மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாய்: நீயும், உன் குமாரனும், குமாரத்தியும், வேலைக்காரனும், வேலைக்காரியும், மிருகஜீவனும். ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாய். "அது யாருன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல பாரு" என்றாய்.

அப்படி வந்ததுதான் ஞாயிறு சாயங்கால ஆராதனை. நாலு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடிந்துவிட வேண்டும், கடையில் ராத்திரிக் கூட்டத்துக்கு அடுப்பு காத்திருக்கும். சபைக் குழுவில் ஒரு பெரியவர், "வேர்வையும் எண்ணெயுமா வருவாங்க, கோயிலுக்கு ஒரு உடுப்பு மரியாதை வேணாமா?" என்று கேட்டார். சேலை மடிப்புக் கலைந்தால் திருவிருந்துப் பந்தி எடுக்க யோசிக்கிற நீ, அடுத்த ஞாயிறு மேலதிகாரியிடம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு, மருந்து நெடி அடிக்கும் வெள்ளைச் சட்டையோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு உடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. சமையல்காரர்கள் வந்தார்கள், பேரங்காடிக் காவலாளி வந்தார், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி ஒன்றுவிட்டு ஒரு வாரம் ஓடி வந்தாள். நானும் வந்தேன். நம் பெஞ்சு நமக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆராதனை முடிந்ததும் உன் சனிக்கிழமைக் குழம்பு வெளியே வரும். சோறும் குழம்பும் நீயே தட்டில் போட்டுக் கொடுப்பாய். நான் உதவிக்கு வந்தால், சமையல்காரர்கள் எழுந்து கரண்டியை வாங்க வந்தால், எல்லாருக்கும் ஒரே அதட்டல்தான்: "உக்காருங்க. வாரம் பூரா ஊருக்கே ஆக்கிப் போடுறவங்களுக்கு ஒரு வேளை யாராச்சும் போடணும்." கோயிலில் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு மறக்காதது இதுதான்.

ஆனாலும் ஞாயிறு காலையை நீ மறக்கவில்லை. மணி அடிக்க, வெயில் ஜன்னல் வழியாக நம் பெஞ்சில் விழ, அவசரமில்லாமல் பாடுவது உனக்கு வேண்டியிருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில், பேசுவதே சிரமமாக இருந்தபோது, "ஞாயிறு திரும்பி வந்தா எனக்குச் சொல்லு" என்றாய். நீயே பார்ப்பாய் என்று சொன்னேன். நீ சிரித்தாய். நர்ஸிடம் பொய் சொன்னால் எடுபடுமா.

நீ பார்க்கவில்லை. நீ போன பிறகுதான் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு ஆனது. முதல் ஞாயிறு காலை கோயில் நிரம்பி வழிந்தது. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், உன் கிளினிக் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் தாளை நாலாக மடித்துப் பெஞ்சுக் காலில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். வெயில் நீ உட்காரும் இடத்தில் விழுந்தது. எனக்குப் பாட வரவில்லை.

போன ஞாயிறு காலை குழுவில் அதே பெரியவர் எழுந்தார். நல்ல மனிதர்தான், மனதில் கள்ளம் இல்லை. "ஞாயிறுதான் திரும்பி வந்திருச்சே, இனி சாயங்கால ஆராதனை எதுக்கு? போதகருக்கும் ஓய்வு வேணும்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அங்கே பேசுவது எப்போதும் நீதான், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போடுகிறவள். அன்று பக்கத்தில் நீ இல்லை. நான் எழுந்து, "யாருக்கு வந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

அந்தக் காவலாளியின் பெயரைச் சொன்னேன், சமையல்காரர்களின் பெயர்களைச் சொன்னேன். போதகர் வர முடியாத வாரம் நானே சங்கீதம் வாசித்து நடத்துகிறேன் என்றேன். பெரியவர், "கதவு யாரு திறப்பா?" என்றார். சாவி என்னிடம் இருக்கிறது என்றேன். உன் பையிலிருந்து உன் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த சாவி, நீ சுற்றி வைத்த பிளாஸ்திரியோடு அப்படியே இருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் வைத்த குழம்பை முதல்முறையாகப் பரிமாறினேன். அந்த நாகர்கோவில்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி, "சிஸ்டர் கொழம்பு இன்னுங் கொஞ்சம் புளிக்கும் அக்கா" என்றார். ஆகையால் நேற்றுப் புளி கூட்டியிருக்கிறேன்.

சொல்லச் சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு திரும்பி வந்துவிட்டது. உன் கிளினிக்குக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, நம் பெஞ்சுக்கும் வந்துவிட்டது. அவர்களுக்கு இன்னும் வரவில்லை. மணி மூன்றரை ஆகப்போகிறது, சட்டி கனமாக இருக்கிறது, நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.