தாங்கும் என்றவர்களுக்கு

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எதிரே அங்கன்வாடித் தாள். "மூன்று டிவிஷன் குழந்தைகளின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை" என்று அடியில் ஒரு வரி, மேலே கொட்டை எழுத்தில் 'அனோவா', நாம் படித்த அந்தக் குழுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் உன் முகம்தான் வந்தது. நீ காய்ச்சலில் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணக்கில் கோபம் வந்தால் இன்னும் உன்னிடம்தான் ஓடி வருகிறேன்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் டிவிஷனுக்கு ஒன்றாக மூன்று அங்கன்வாடி. கீழ் டிவிஷன் பிள்ளைகள் மெலிவு என்று அவர்களுக்கு மட்டும் கூடுதலாகப் பால் கொடுத்துவந்தார்கள். இப்போது வேறுபாடு இல்லையாம், பாலை நிறுத்தப்போகிறார்களாம். என் மகளும் கீழ் டிவிஷன்தான். தாய்மார் கமிட்டியில் இருப்பதால் அதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டுமாம்!

மற்ற இரண்டு டிவிஷனிலும் பிள்ளைகள் கொஞ்சம், எடையும் ஏறக்குறைய ஒன்றுபோல். கீழேதான் கூட்டம். ஏலக்காய் சீசன் வந்தால் பாதித் தாய்மார் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்விடுவார்கள். அங்கே பாலேது? இங்கே இருந்த பிள்ளைகள் தேறின, போனவை எலும்பும் தோலுமாய்த் திரும்பின. எடை இப்படி ஏறியும் இறங்கியும் கிடக்கிற அந்தச் சிதறலையெல்லாம் மூன்று டிவிஷனுக்கும் பொதுவாகக் கலக்கினால், கீழ் டிவிஷனின் குறைவு அதற்குள் மூழ்காமல் என்ன செய்யும்?

கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கணக்குப் போட்ட அதிகாரி சிரித்தார். "சாரமில்ல, பரவால்ல மேடம், அனோவா அதெல்லாம் தாங்கும்."

பாலக்காட்டுக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பில் நம் வாத்தியாரும் இதையேதான் சொன்னார். நீ எழுந்து நின்றாய். "எல்லாக் குழுவிலும் ஒரே எண்ணிக்கை இருந்தா ஓரளவு தாங்கும் சார். பெரிய குழுவே சிதறிக் கிடந்தா, இருக்கிற வித்தியாசத்தையும் இல்லைன்னுல்ல சொல்லும்?" "பரீட்சைக்கு அது வராது, உட்காரு" என்றார் அவர். நான் உன் தாவணியைப் பிடித்து இழுத்தேன். அன்று ஹாஸ்டலில் என்னைக் கிழித்துவிட்டாய். "ஏட்டி, உன் மூக்கையும் என் மூக்கையும் கூட்டிச் சராசரி போட்டா ரெண்டு பேருக்கும் மாப்பிள்ள வந்துருவானா? சிதறலப் பாரு மொதல்ல." சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

இன்று சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர் சௌகரியமாய்த் தாங்கும் என்பார், தாங்குவது மூன்று வயசுப் பிள்ளைகளா? கூட்டம் முடிந்து வரும்போது பக்கத்து லயத்து வீட்டு அக்காவே, "படிச்சவ பேச்ச எவன் கேக்கான், கையெழுத்துப் போட்டுட்டு வா புள்ள" என்றாள். அவள் பேரனும் மெலிவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு டிவிஷனின் சிதறலையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிற அந்த இன்னொரு சோதனையைக் கையாலேயே போட்டேன். வேறுபாடு இருக்கிறது. பளிச்சென்று இருக்கிறது. திங்கட்கிழமை இதைப் பஞ்சாயத்தில் வைக்கப்போகிறேன். இந்த முறை யார் தாவணியையும் நான் இழுக்கமாட்டேன். என்னையும் யாரும் உட்காரவைக்க முடியாது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த எழுந்து நிற்றல் ஒன்றுதான்.

ஆனாலும் பயமாக இருக்கிறது. நீ பார்க்காமல் நான் எந்தக் கணக்கையும் கொடுத்ததில்லை. கணக்குப் போட்ட இரண்டு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருதடவை சரிபார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் போடு.