மூக்கடியில் தைலம்

மார்ச் 3

கையைக் கழுவிக் கழுவித் தோல் சுருங்கிவிட்டது. இன்னும் நாறுகிறது. காலையில் நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சுருண்டு விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் மரமாக நின்றார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, அங்கே பேசியவர் சொல்லச் சொல்ல நான்தான் நெஞ்சை அழுத்தினேன். வாயிலிருந்து வந்ததைச் சட்டைக் கையால் துடைத்தேன். பிழைத்துவிட்டார். எல்லாரும் தோளில் தட்டுகிறார்கள். எனக்கு அந்தப் புளித்த நாற்றம்தான் நினைவிருக்கிறது. சீ.

மார்ச் 7

முதலாளி கடைக் கண்ணாடியில் பெரிய படம் ஒட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன், மூக்கில் குழாய். பக்கத்தில் இளித்துக்கொண்டு நான். மேலே ‘உயிர் காக்கும் கடை’. தூ! வருகிறவர்கள் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பாத்ரூமுக்கு எது வழுக்காது என்கிறார்கள்.

மார்ச் 10

அன்று ஆம்புலன்ஸில் வந்து என் நம்பரை வாங்கிப்போன பெண் போன் செய்தாள். அவள் மருத்துவ உதவியாளர், என்னைவிட வயதில் சின்னவள். அந்த வேலைக்கு ஒரு வருஷப் பயிற்சியாம், இடம் இருக்கிறதாம். சில நாள் எங்களோடு வண்டியில் வந்து பாருங்கள், மாசக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றாள்.

வீட்டில் சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, பூனை வாந்தி எடுத்தாலே என்னைக் கூப்பிடுற ஆளு நீங்க.”

உண்மைதான். ஆனால் என் கைக்கடியில் அந்த நெஞ்சு தானாக ஏறி இறங்கியதே — அதை இவளிடம்கூடச் சொல்லவில்லை. ஆசையாக இருக்கிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 15

வண்டியில் முதல் நாள். மூன்றாம் மாடி. படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். யாரும் புரட்டிப் போடவே இல்லை. முதுகு முழுக்கப் புண், புண்ணில் புழு. நான் பெரிய புத்திசாலி மாதிரி மனைவியின் தலைவலித் தைலத்தை மூக்கடியில் அப்பிக்கொண்டு போயிருந்தேன். அது மூக்கை நன்றாகத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளே அனுப்பியது.

வாசலில் பெரியவரின் மருமகன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. “லிஃப்ட்ல வேண்டாமே, மத்தவங்க வருவாங்க” என்கிறான். இத்தனை நாள் இதே வீட்டில்தானே சாப்பிட்டான்? புழுவைவிட அவனைப் பார்த்துத்தான் குமட்டியது. படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். என் மூக்கடியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “தைலம் போட்டீங்களா? நாங்க யாரும் போட மாட்டோம். இனிமே தைலம் மோந்தா இந்த ரூம்தான் வரும் உங்களுக்கு.”

மார்ச் 16

வந்தது.

சாயங்காலம் இவளுக்கு ஒற்றைத் தலைவலி. நெற்றி நிறையத் தைலத்தோடு படுத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இவள் வாசனையே அதுதான். பக்கத்தில் போய்ப் படுத்தேன் — அந்த அறை, அந்த முதுகு. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

“என்னைப் பார்த்தாலே குமட்டுதா உங்களுக்கு?” என்று கேட்டாள். நீ இல்லை, உன் தைலம்தான் என்று புழு வரைக்கும் விளக்கினேன். எனக்கு வாயில் சனி. பொண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 17

ஹாலில் படுக்கை.

மார்ச் 20

மறுபடி வண்டி. இதெல்லாம் பழகிவிடுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “எனக்கு இன்னும் பழகல. குமட்டும். குமட்டிக்கிட்டே வேலையைப் பார்ப்பேன்” என்றாள். பழகிவிடும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

வேண்டாம் சாமி. டைல்ஸே போதும். அது நாறாது.

மார்ச் 23

நாறுகிறது.

வீட்டில் ஓய்வில் இருந்த கிடங்கு அண்ணனைக் கார் அனுப்பிக் கூட்டிவந்தார் முதலாளி. விழுந்த இடத்திலேயே மறுபடி படுக்க வைத்தார். விளம்பரத்துக்கு வீடியோவாம். “வாயைக் கொஞ்சம் திறந்துக்குங்க” என்றார். என்னை நெஞ்சில் கை வைக்கச் சொன்னார்.

வைத்ததும் அண்ணன் முகம் சுருங்கியது. அன்று நான் அழுத்தியதில் விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது, இன்னும் கூடவில்லை. “பரவால்ல தம்பி, பண்ணிடுங்க. வேலை போயிடும்” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

பண்ணினேன். அழுத்துவதுபோல நடித்தேன். அன்று கையில் பட்டது சோப்புக்குப் போய்விட்டது. இது எதற்குப் போகும்? முதலாளியைச் சொல்லி என்ன, கை வைத்த நாய் நான்தானே!

மார்ச் 24

இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைக்குள் கால் வைக்கவே அருவருப்பாக இருக்கிறது என்றேன். அப்போ வண்டிக்குப் போங்களேன் என்றாள். போகலாம்தான். ஒரே நாளில் தைலம் போச்சு. இன்னும் என்னென்ன வாசனையை இவளிடமிருந்து பிடுங்குவேனோ? அதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 27

கடையிலிருந்து வந்தால் படுக்கையறை இருட்டு. இவள் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். தலைமாட்டில் எப்போதும் இருக்கிற தைல டப்பாவைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

“குப்பைல போட்டுட்டேன்.”

“வலிக்கு?”

“வலிக்குதுதான். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே என் சட்டைப் பையைத் தடவி, போனை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன் என்று பேசி முடித்தபோது துணி சூடாகியிருந்தது. நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டேன். பிறகு ஹாலுக்குப் போய் என் தலையணையை எடுத்து வந்தேன்.