ஒன்பதே கால் கிலோ

மாப்ளே,

இன்று காலை கோழி ஏற்ற லாரி வந்தது. எடை போடுவதற்காகக் கொட்டகையின் தொங்கு தராசை இறக்கினேன். அதன் கொக்கியில் நீ சுற்றிவைத்த நீலத் துணி இன்னும் அப்படியே இருக்கிறது. நிறம் போய்விட்டது, நாற்றம் சொல்ல முடியவில்லை, முடிச்சு மட்டும் அவிழவில்லை. எடை பார்க்க மாட்டும்போது உன் புதுச் சைக்கிளில் கீறல் விழக்கூடாது என்று உன் பழைய லுங்கியைக் கிழித்து நீயே சுற்றியது. ஆயிரக்கணக்கான கோழிகள் தொங்கிய கொக்கிக்கு வந்த மரியாதையைப் பார் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கும் அதே எரிச்சல், சூடு குறையாமல் வந்தது. போய்ச் சேர்ந்தவன் மேல் எரிச்சல் படலாமா என்று என் வீட்டில் கேட்கிறாள். அவளுக்கென்ன, உன்னோடு சைக்கிள் மிதித்தவன் நான் அல்லவா?

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நீ என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆனாய். நாலு பேர் முன்னால் ‘வாங்க மாப்ளே’, தனியாக இருந்தால் ‘டேய்’. அந்த ஏற்பாட்டிலேயே எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. என் வீட்டுப் பந்தியில் எனக்கு முன்னால் உனக்கு இலை போடுவார்கள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உட்காருவாய். அதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கொண்டேன். உன் சைக்கிளைத்தான் பொறுக்க முடியவில்லை.

சர்க்கரை எனக்குத்தான் வந்தது. தினமும் வியர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், நான் சைக்கிள் வாங்குவதாக முடிவு செய்தேன். துணைக்கு வருகிறேன் என்று நீயாகத்தான் கிளம்பினாய். சேலத்தில் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு எது வேண்டும் என்று கண்ணிலேயே தெரிந்துவிட்டது. முன்னால் பெரிய ஸ்பிரிங் ஃபோர்க், தடித்த சட்டம், பார்த்தால் வண்டி என்று சொல்லும்படி ஒரு வண்டி. கை வைத்து அமுக்கினால் முன்பக்கம் அப்படியே இறங்கி எழுந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

நீயோ கடையின் மூலைக்குப் போய்விட்டாய். அங்கே கறுப்பாக, விளம்பர எழுத்து எதுவும் பெரிதாக இல்லாமல், ஒல்லியாக ஒன்று நின்றது. கார்பன் சட்டம். மலைப்பாதைச் சைக்கிள்தான், ஆனால் பின்னாலும் ஸ்பிரிங் இல்லை, முன்னாலும் ஸ்பிரிங் இல்லை. கடைக்காரர் அதை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார். நீ வாங்கி ஒரு விரலில் தூக்கினாய். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறவன், வாழ்நாள் முழுக்க ஸ்பிரிங்கையே தின்று ஸ்பிரிங்கையே உடுத்தவன், ஸ்பிரிங் இல்லாத வண்டியை வாங்குகிறான்!

“ஏண்டா, கல்லுல உட்டா கை கழண்டு போயிராதா?” என்றேன்.

“மச்சான், லோடு ஏத்துற வண்டிக்குத்தான் ஸ்பிரிங். நாம என்ன லோடா ஏத்தப் போறோம்? மிதிக்கற மிதியில பாதிய அது தின்னுபோடும்” என்றாய். “டயர்ல காத்தக் கொஞ்சம் கம்மியா வெச்சு, முட்டிய மடக்கி நின்னுக்கிட்டா கையுங் காலுமே ஸ்பிரிங்கு.”

உனக்கு ஒரு மணி நேரத்தில் இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாய் என்று பிற்பாடு தங்கச்சி சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

இரண்டு வண்டிக்கும் வெண்ணந்தூரில் என் கொட்டகை முன்னால்தான் பூசை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினோம். என் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. உன்னுடையது தள்ளத் தள்ளப் பழத்தை உருட்டிக்கொண்டே போனது, நசுக்க எடை இல்லை. “பழம் நசுங்காத வண்டி ஆகாதுடா” என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். நீ சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாய், பழம் நசுங்கியது. அப்புறம்தான் அந்தத் தராசு யோசனை உனக்கு வந்தது. லுங்கியைக் கிழித்தாய், வண்டியை மாட்டினாய். ஒன்பதே கால் கிலோ. என்னுடையது பதினைந்தரைக்கு மேல். கோழி பிடிக்க வந்த ஆள் ஒருவர் என்னைப் பார்த்து, “ஏனுங்க, உங்க வண்டில மூணு கோழி கூட ஏறீருக்குதுங்க” என்றார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு தண்டனைதான். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிப் போகும்போது பரவாயில்லை, அங்கே தரை சமம், பேசிக்கொண்டே மிதிக்கலாம். எங்கள் ஊர்க் கரடு இருக்கிறதே, பாறையும் முள்ளுமாக நிற்கும் அந்தச் சின்னக் குன்று, அங்கேதான் என் மானம் போகும். நான் பாதி ஏறும்போது நீ உச்சிக்குப் போய்விடுவாய். இறக்கத்திலாவது என் ஸ்பிரிங் உன்னை முந்தும் என்று நம்பினேன். கல்லின் மேல் நீ வண்டியை நடத்திக்கொண்டு போன விதத்தில் அதுவும் நடக்கவில்லை.

முந்தினால் கூடப் போகட்டும். நீ மேலே நின்று காத்திருப்பாயே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒரு காலைப் பாறையில் ஊன்றி, மூச்சு கூட வாங்காமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்து தயாராக நீட்டிக்கொண்டு நிற்பாய். “மெதுவா வாங்க மச்சான், ஒண்ணும் அவசரமில்ல.” அந்தத் தண்ணீரை ஒரு தடவையாவது வாங்கிக் கொட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கும். தாகம் விடாது, குடித்துவிடுவேன். “வண்டி வெயிட்டுடா, நான் என்ன பண்ணட்டும்?” என்பேன். நீ பாட்டிலை மூடி வண்டியில் செருகுவாய்.

இனி நான் சொல்லப்போவதை நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு காலை, உன் சீட்டு லேசாக இறங்குகிறது என்று சொல்லிவிட்டு நீ காபி குடிக்க வீட்டுக்குள் போனாய். வண்டி கொட்டகையில் நின்றது. நான் இறுக்கிவிடலாம் என்று போல்ட்டைத் திருகும் ஆலன் கீயை எடுத்தேன். கார்பனை அளவோடுதான் இறுக்க வேண்டும் என்று நீ பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய். நம் ஊரில் இறுக்குவது என்றால் எப்படி? ஸ்பேனர் முனையில் பைப்பை மாட்டி, ஆள் தொங்கி, இனி நகராது என்றால்தான் நமக்குத் தூக்கம் வரும். தண்ணீர்க் குழாய் ஒரு துண்டு கிடந்தது. மாட்டினேன், ஓர் அமுக்கு. டக் என்றது.

சீட்டுக் குழாயில் முடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. உதவி செய்யத்தான் போனேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், மாப்ளே. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. அடுத்த நொடி பயம் பிடித்துக்கொண்டது. நீ வெளியே வந்து ஏறி உட்கார்ந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி உடைந்து நீ விழுந்திருந்தால் என் தங்கச்சி முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

கரடு வரைக்கும் கூடப் போகவில்லை. கிறீச்சென்று கேட்டதும் நீ இறங்கிப் பார்த்தாய், ரொம்ப நேரம் பார்த்தாய். “நேத்து நாந்தான் அளவு தெரியாம இறுக்கிப்போட்டேன் போல இருக்குது மச்சான். லாரிக்காரன் கை” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினாய். நான் பக்கத்திலேயே நடந்து வந்தேன்.

அதில் எனக்குக் கிடைத்த லாபத்தையும் கேள். மாற்றுக் குழாய் தேடி நீ சேலம் முழுக்க அலைந்தாய். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஒருவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். அதோடு உனக்கு அவர் கூட்டாளி ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிட்டு ஒன்று அவரோடு என்று ஆனது. எங்கெங்கோ மலையேறிவிட்டு வந்து, அவர் எப்படி ஏறுகிறார் என்று என்னிடமே புகழ்வாய். நானே என் கையால் பைப் போட்டு அந்த ஆளைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள். கரடு ஏறி மூச்சு வாங்காதவன் கட்டிலில் படுத்து மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு, நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

தையில் தங்கச்சி போனில் கூப்பிட்டாள். “ஏனுங்கண்ணா, அந்த வண்டி சும்மா நிக்குது, பாக்கப் பாக்க எனக்கு ஆவறதில்ல. சூரமங்கலத்து அண்ணன் ரெண்டு தடவ வண்டியப் பத்திக் கேட்டாருங்க. அவருக்கே குடுத்தறட்டுமா? இல்ல, நீங்க எடுத்துக்கறீங்களா? ஞாயித்துக்கெழம அவரு வாராரு.” போனை வைத்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது போதாதா, வண்டியும் வேண்டுமா அந்த மனுஷனுக்கு? ஆனால் அந்தக் குழாயை உடைத்த கை, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எனக்குத் தா என்று நீளும்?

ஞாயிறு அன்று அவருக்கு முன்பே போய் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார். வைத்த அளவு வந்ததும் டிக் என்று சத்தம் கொடுக்கும் வகை.

“வண்டி உங்ககிட்ட வந்துருச்சான்னுதாங்க கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் இதையேதான் சொன்னாருங்க. ‘என் மச்சான் வாய உட்டுக் கேக்க மாட்டாரு, நீங்களாப் பாத்துக் குடுத்துருங்க. இந்த ஸ்பேனரோட குடுங்க. பைப்ப மட்டும் கையில குடுத்துறாதீங்க’ன்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் அந்தப் பைப்பைத் தராசுக்கு அடியிலேயே போட்டிருந்தேன். நீ வெளியே வந்தபோது பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறியிருக்கிறாய். கோடு ஓடியது மட்டும்தான் அப்போது உனக்குத் தெரியவில்லை. “அதென்னுங்கண்ணா பைப்பு?” என்று தங்கச்சி கேட்டாள். முழுவதையும் சொன்னேன். அவள், “எங்கிட்டயும் சொல்லல பாருங்க அந்த மனுசன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கும் அதே கோபம்தான். தெரிந்தால் என்னைத் திட்டியிருக்க வேண்டியதுதானே? முப்பது வருஷப் பழக்கத்துக்கு அந்த உரிமை இல்லையா? என்னைத் திட்டாமல், நேற்று வந்த ஆளிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய்.

இப்போது வண்டி என்னிடம் இருக்கிறது. உன் உயரத்துக்கு வைத்த சீட்டை நாலு விரல் இறக்கி, அந்தச் சின்ன ஸ்பேனரால் இறுக்கினேன். டிக் என்றது. கை இன்னும் கொஞ்சம் அமுக்கத்தான் பார்த்தது, விட்டுவிட்டேன். ஸ்பேனர் எப்போதும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. சூரமங்கலத்துக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறார். கரட்டில் அவர்தான் முதலில் ஏறுகிறார். மேலே நின்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறார். நீ சொல்லிக்கொடுத்ததா, அவராகச் செய்கிறாரா தெரியவில்லை. எனக்கு ஆகவே இல்லை, ஆனால் குடித்துவிடுகிறேன்.

ஒன்பதே கால் கிலோதான், மாப்ளே. எடையை இனி நான் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாதிக் கரட்டில் மூச்சு வாங்குகிறது. அங்கே நின்று மேலே பார்த்தால் அவர் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாறையில் காலை ஊன்றி நீதான் நிற்கிறாய், ஒண்ணும் அவசரமில்ல என்கிறாய். ஒரு தடவையாவது உன்னை முந்திவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மிதிக்கிறேன்.