வேங்கைக் கட்டை

பெருமாள்மலை
8 செப்டம்பர் 1941

அன்புள்ள அண்ணன் சம்சுல் ஆலம் அவர்களுக்குத் தங்கை சர்புன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நானும் உங்கள் மச்சானும் நலம். கொழும்பில் நீங்களும் மதினி மதீனா பீவியும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தொடங்கியாயிற்று. இனி உள்ளதை எழுதுகிறேன்.

மதினி போன கடிதத்திலும் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார், பாவம். இந்த வீட்டு விசேஷமெல்லாம் இப்போது ஒரு லாரிதான் என்று சொல்லுங்கள். ஆமாம் அண்ணே, உங்கள் மச்சான் மட்டக்குதிரைகளை எல்லாம் விற்றுவிட்டு லாரி வாங்கிவிட்டார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு காப்பித் தோட்டத்துத் துரையின் பழைய வண்டி. பண்ணைக்காட்டு மலைவாழைப் பழம் பழனிக்குப் பஞ்சாமிர்தம் போடுகிறவர்களுக்குப் போகிறதல்லவா, அதைக் கீழே கொண்டு போகிறார். திரும்பும்போது கொடைக்கானல் கடைகளுக்கு அரிசியும் எண்ணெயும் ஏற்றி வருகிறார். குதிரைக்காரன் இப்ராம்சா என்று கூப்பிட்டவர்கள் இப்போது லாரிக்கார ராவுத்தர் என்கிறார்கள். அதில் அவருக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்துவிட்டது.

எனக்கு மாமியார் இல்லையே என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்படுவார்கள். அந்தக் குறை தீர்ந்தது. காலையில் எழுந்ததும் லாரிக்குத்தான் முதலில் தண்ணீர். முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால் ஒரு நாள் உடனே கிளம்பும், ஒரு நாள் கம்பி திருப்பி அடிக்கும். அடித்து அவருக்கு மணிக்கட்டு வீங்கியது. ஒரு பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார். காலடிப் பலகையில் ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் ரோடு ஓடுவது தெரிகிறது. அந்த பெட்ரோல் வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொஞ்ச நாளாக அது மூக்கில் பட்டாலே எனக்குக் குமட்டுகிறது.

இதெல்லாம் சிரிப்பதற்கு. இனி எழுதுவது சிரிப்பதற்கு இல்லை.

அண்ணே, அந்த வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. கை பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினால் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். கால் பிரேக் ஒன்றை நம்பித்தான் இந்த மலை முழுவதும் ஏறி இறங்குகிறார். வண்டியை ஒப்படைத்த நாளில் துரையின் டிரைவர் மயில்சாமி ஒரு வேங்கைக் கட்டையை என் கையில் கொடுத்தார். முக்கோணமாகச் செதுக்கி, இரும்புப் பட்டை அடித்து, பிடிக்கக் கயிறு கட்டியது. "வண்டி தொரையோடதும்மா, கட்டை என்னோடது. வண்டி நின்னதும் வெரசா எறங்கி சக்கரத்துக்குப் பின்னால இத வைக்கணும். என்னத்தத் தொலைச்சாலும் இதத் தொலைச்சிராதீங்க" என்றார்.

கிளீனர் சின்னச்சாமி உங்களுக்குத் தெரியும், முன்பு நம் குதிரைகளை ஓட்டியவன். அவன்தான் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகிறான். வண்டி எங்கே நின்றாலும் குதித்து இறங்கி வைக்கிறான்.

போன மாதத்திலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கூப்பன் மிச்சம் பிடிக்க உங்கள் மச்சான் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு போகிறாராம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். பிரேக் காய்ந்து புகை வருகிறது, கருகல் வாடை அடிக்கிறது என்று சின்னச்சாமிதான் எனக்குச் சொன்னான். நான் கேட்டதற்கு, "ரெண்டெழுத்துப் படிச்சவளுக்கு மோட்டாரும் தெரிஞ்சு போச்சாக்கும்" என்றார்.

நீங்கள் மருதானைப் பட்டறையில் இத்தனை வருஷம் மோட்டாரோடு மோட்டாராக இருப்பவர். உங்கள் சொல்லை அவர் கேட்பார். நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம். நீங்களாகவே எழுதுவதுபோல எழுதுங்கள். அல்லாஹ் உங்கள் கைக்கு பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு, உங்கள் தங்கை
சர்புன்னிசா


பெருமாள்மலை
18 அக்டோபர் 1941

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குச் சலாம். உங்கள் கடிதம் வந்தது. உருட்டி இறக்காதே, பிரேக்கில் ஒட்டும் பட்டை தேய்ந்திருக்கும், புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்று நீங்கள் எழுதியதை அவர் சத்தமாக எனக்கே வாசித்துக் காட்டினார். "சம்சுலுக்கு எம்மேல எவ்வளவு அக்கறை பாரு" என்று சந்தோஷப்பட்டார். மறுநாளும் உருட்டித்தான் இறக்கினார்.

அண்ணே, நான் ஒரு காரியம் செய்தேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம். கடைக்காரர்கள் எல்லாரும் சரக்கு கேட்கிறார்கள். இவரோ நோன்பு வைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் வண்டி ஓட்டுகிறார். மழையும் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமைக் காலையில் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கட்டை இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்று நினைத்தேன். எடுத்துக் கோழிக்கூடைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வீடு முழுவதும் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். கடைசியில் இவர் ஒரு கல்லை எடுத்து வண்டியில் போட்டார். சின்னச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "மழையில கல்லு வழுக்கும் மொதலாளி. கட்டையில்லாம நான் வண்டியில ஏற மாட்டேங்க. புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, பண்ணைக்காட்டில் மாமியார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகிறேன் என்று நடையைக் கட்டிவிட்டான். சரி, காரியம் முடிந்தது என்று நான் உள்ளே போனேன். வெளியே வண்டி உறுமியது. ஓடி வந்து பார்த்தால், வாழைத்தாரோடு தன்னந்தனியாகக் கிளம்பிப் போகிறார்.

அவரைப் போகவிடக் கூடாது என்று நான் செய்தது, அவரை ஆள்துணை இல்லாமல் அனுப்பிவிட்டது. அன்று பகல் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மலை ரோட்டில் ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நேரம். கீழே கேட்டை மூடினால் அதற்குப் பிறகு ஒரு வண்டியும் வராது. கடைசி ஏற்றத்தில்தான் இவர் வருவார். நம் வீட்டுக்குக் கீழே பாறை வளைவுக்கு வந்ததும் ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அமுக்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹாரன் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்தேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும். இரண்டு தரத்தோடு நிற்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தது, ஆனால் கிட்ட வரவில்லை. மூடுபனி அப்பிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு தமயந்தி அக்கா, "யாரோ டிரைவர் மாட்டை வெரட்டுறான் புள்ள" என்றார். அது என் வீட்டுக்காரர் ஊதுகிற ஹாரன் என்று எனக்குத் தெரியாதா? எந்த மாட்டுக்கு அவ்வளவு நேரம் ஊதுவார்கள்?

கோழிக்கூடையைத் தள்ளிக் கட்டையை எடுத்தேன். முக்காட்டை இறுக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். அந்தக் கட்டை என்ன கனம் அண்ணே! இடுப்பில் வைத்தும் தோளில் வைத்தும் ஓடினேன். ஹாரன் சத்தம் வரவர இடைவெளி விட்டுக் கேட்டது. பிறகு நின்றுபோனது. அது நின்றதும் என் காலும் நின்றுவிட்டது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை. எப்படி மறுபடி நடந்தேன் என்று தெரியவில்லை.

பாறை வளைவைத் தாண்டி, அடுத்த ஏற்றத்தில் வண்டி நின்றது. அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் நிறைந்த பாரம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நாலு எட்டு ரோடு, அதற்கப்புறம் பள்ளம். இவர் உள்ளே ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வலது காலால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொதித்து எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்ப வேண்டுமானால் இறங்கி முன்னால் போய்க் கம்பி சுற்ற வேண்டும். இறங்க வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும். காலை எடுத்தால் வண்டி பின்னால் உருண்டுவிடும். கல் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறது, அதை எடுத்து வைக்க ஆள் இல்லை. கேட்டை மூடிவிட்டதால் பின்னால் வர வண்டியும் இல்லை. குதித்துத் தப்பியிருக்கலாம். வண்டி போய்விடுமே என்று மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். அஸர் நேரத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார், நோன்போடு. ஹாரனை அமுக்கி அமுக்கி விரலும் மரத்துப்போய்விட்டது.

என்னைப் பார்த்ததும் பேர் சொல்லவில்லை. "கட்டைய வையி. மொதல்ல கட்டைய வையி" என்றார். வைத்தேன். கால் எடுக்க வரவில்லை அவருக்கு. நான்தான் ஏறி, இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பிடித்துத் தூக்கினேன். விறகுபோல இருந்தது. வண்டி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்து, கட்டையில் முட்டி நின்றது. அந்த ஒரு விரற்கடையில் என் உயிர் போய் வந்தது அண்ணே.

பொழுது சாய்ந்து மஃரிபு நேரமாகிவிட்டது. நான் கஞ்சி கொண்டு போகவில்லை, எனக்கு எங்கே புத்தி இருந்தது? உள்ளங்கையில் மழைத் தண்ணீரைப் பிடித்து நோன்பு திறந்தார். எனக்கும் கொடுத்தார்.

காலுக்குச் சுரணை வந்ததும் கம்பி சுற்றினார், வண்டி கிளம்பியது. நான் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் கட்டையைப் பார்த்தார். அதில் கோழி எச்சம் ஒட்டியிருந்தது. வாளித் தண்ணீரில் அதைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

பெருநாளைக்கு இவரை எங்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்வேன். அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பிரேக் பட்டையை யாரிடமாவது சீக்கிரம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் தங்கை
சர்புன்னிசா


பெருமாள்மலை
20 நவம்பர் 1941

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கும் மதினிக்கும் சலாம். நீங்கள் கொடுத்தனுப்பிய பட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. வத்தலக்குண்டில் ஒரு ஆளிடம் கொடுத்துப் பொருத்தினார். ஒரு பக்கத்துச் சக்கரம் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை. மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, இறக்கத்தில் பள்ளம் இருக்கும் பக்கமாக. முன்பு நிற்காது என்றுதான் பயம். இப்போது நின்றாலும் பயம். கை பிரேக்கும் கியரும் பழையபடிதான். உருட்டி இறக்குவதை மட்டும் அந்த மழை நாளோடு விட்டுவிட்டார். அதற்கு நன்றி சொல்லித் தொழுதேன்.

வண்டியை விற்றுவிடச் சொன்னேன். யுத்தக் காலத்தில் லாரி வைத்திருப்பவனைத் தேடி வருகிறார்கள், குதிரையை யார் தேடுகிறார்கள் என்கிறார். அதுவும் நிஜம்தான். அந்த வண்டியில்தான் எங்கள் கஞ்சி.

சின்னச்சாமி திரும்பி வரவில்லை. பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வேறு ஆள் யாரும் இந்த வண்டிக்கு வர மாட்டேன் என்கிறார்கள். அதனால் நான் போகிறேன். ஆமாம் அண்ணே, முன் சீட்டில், கட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்து போகிறேன். இவர் முதலில் சம்மதிக்கவில்லை. ராவுத்தர் வீட்டுப் பெண் லாரியில் போனால் பஜாரில் என்ன பேசுவார்கள் என்றார். கட்டை என்னிடம்தான் இருக்கும், கட்டை வேண்டுமானால் நானும் வருவேன் என்றேன். "சரி, இனிமே அத எங்கயும் வச்சிட்டுத் தேட வேண்டாம்" என்றார். அன்று கேட்காததை அப்படிச் சொன்னார்.

பஜாரில் பேசத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். வண்டி நின்றதும் கதவுக் கயிற்றை அவிழ்த்துக் குதித்து, ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறேன். சின்னச்சாமியைவிட வெரசாக வைக்கிறேன் என்று இவரே சொல்கிறார். ஒவ்வொரு தரமும் குதிக்கும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன். இவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மதினியிடம் சொல்லுங்கள் அண்ணே, இத்தனை வருஷமாக அவர் கேட்ட விசேஷம் வந்துவிட்டது. நாலு மாதம். பெட்ரோல் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேலை மறைக்கிறது, இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுநாளே தனியாகக் கிளம்பிப் போவார்.

தை பிறந்தால் என்னால் அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்க முடியாது. அப்போது மறைக்கவும் முடியாது.

பட்டறையில் லீவு கேளுங்கள். கப்பல் ஏறி இந்தக் கரைக்கு வந்தால் மறுநாள் இங்கே வந்துவிடலாம். உங்கள் கையால் அந்த பிரேக்கை ஒரு தரம் பிரித்துப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த வண்டி நிற்கும் என்று தெரிந்த அன்றைக்கு, நல்ல செய்தியை நானே இவரிடம் சொல்வேன். அண்ணன் வருகிறார் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை நான் குதித்துக்கொண்டிருப்பேன்.

ஆண்டவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை
சர்புன்னிசா