பகலில் தூக்கிய பெட்டி

தேனீக்காரருக்கு,

தெருவில் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே தொடங்குகிறேன்.

அலமாரியில் உங்கள் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பற்றி எழுத மாட்டேன். தேனீப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. அதை வாங்கியது நீங்கள், தூக்கிப் போனீர்கள், சரி. என் வலைத்தொப்பியையும் ஏன் கொண்டுபோனீர்கள்? உங்கள் தலையில் அது நுழையாது. யார் தலைக்கு என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது வேறு. செடிக்குத் தண்ணீர் ஊற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒருநாள் பெட்டியை நகர்த்தப் போனேன். பதறிக்கொண்டு ஓடிவந்தீர்கள். "இருட்டட்டும்மா. மேயப் போனதெல்லாம் வீடு வந்து சேர வேணாமா?" என்றீர்கள். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில் தூக்கியிருக்கிறீர்கள். இருட்டினால் நானும் வந்து சேர்ந்துவிடுவேனே.

ஆபீஸிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தேன். பெட்டி இருந்த மர ஸ்டூலில் தேனீக்கள் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டிருந்தன. காலில் மகரந்தம் அப்படியே இருந்தது, இறக்கிவைக்க இடமில்லை. பழைய காலிப் பெட்டி ஒன்றை வைத்துப் பார்த்தேன். உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிட்டன. ராணி இல்லாத பெட்டி அவற்றுக்கு எதற்கு?

பக்கத்து வீட்டு அக்கா உங்களை விசாரித்தார். "வேலையா வெளியூர் போயிருக்காருக்கா, வந்துடுவாரு" என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

ஸ்டூலில் அப்பியிருக்கும் இவற்றிடம் என்ன சொல்ல?

இப்படிக்கு,
அன்று வேலைக்குப் போயிருந்தவள்.