தாவியது யார்

பிப்ரவரி 3, செவ்வாய்

இருபத்து மூன்று. ஐம்பதுக்கு இருபத்து மூன்று!

பலகையில் ஒட்டியிருந்ததை மூன்று தரம் பார்த்தேன். பக்கவாத்தியம், பியானோ, அரையாண்டுத் தேர்வு. என் எண்ணுக்கு நேரே 23, பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘இசைத்தாளைப் பின்பற்றவில்லை.’ நான் யார் பாட்டுக்கு வாசித்தேனோ அந்த மகராசிக்கு நாற்பத்தாறு.

நடந்ததை எழுதி வைக்கிறேன். இரண்டாவது பாட்டில் மஃப்ளர் (வெயில் கொளுத்தினாலும் தொண்டையில் மஃப்ளர் சுற்றிக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பது) நான்காம் வரியை விட்டுவிட்டு ஐந்தாம் வரிக்குத் தாவினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் நானும் தாவினேன். எல்லா வரியும் ஒரே சாயல், சுரம்தான் மாறும்; ஒன்றை விட்டால் கேட்பவருக்குத் தெரியாது. பாட்டுக்கு மார்க் போடுகிறவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பியானோவுக்கு மார்க் போடுகிறவர் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். அவர் விரல் நான்காம் வரியில், நான் ஐந்தில். முடிந்தது கதை.

கடைசி ஆண்டின் பக்கவாத்தியப் பிரிவில் ஒரே ஓர் இடம். இரண்டு தேர்வும் சேர்த்து நூற்றுக்கு அறுபது வேண்டும். அதற்காகத்தானே இந்தப் பட்டப் படிப்புக்கே வந்தேன்? இனி இறுதித் தேர்வில் முப்பத்தேழு எடுத்தாக வேண்டும். அதே பாட்டுகள். அதே மஃப்ளர்.

பிப்ரவரி 4

துறைத் தலைவரிடம் போனேன். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்மா தாவியிருக்கீங்க. யாரு மொதல்லன்னு எப்படிச் சொல்றது? பியானோ தாவினதால பாட்டு தாவியிருக்கலாம் இல்லையா?”

தேர்வின் ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்றேன். கேட்டோம். அவர் மூன்று தரம், நான் ஐந்து தரம். நூலிழை இடைவெளி இல்லை. நான் மட்டமாக வாசித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு தடுமாற்றம், அரை நொடி, அது போதும் சாட்சிக்கு. அவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்கிறேன், எனக்கே யார் முதலில் என்று கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு.

“அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தா பார்க்கலாம்” என்று கதவு வரை வந்து சொன்னார்.

பிப்ரவரி 5

எழுதிக் கொடுப்பாளாம்!

“நானா? நீதான் தாவின. நான்தான் உன் பின்னாடியே வந்து சமாளிச்சேன்” என்கிறாள். பொய் சொல்கிறாளா என்று முகத்தையே பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாள். பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“நான் யார்கிட்டயும் உன்னத் தப்பாச் சொல்லல. டென்ஷன்ல எல்லாருக்கும் வர்றதுதான்னுதான் சொன்னேன்.” என்னை மன்னிக்கிறாள்! வகுப்பு முழுக்க அவள்தான் என்னைக் காப்பாற்றியதாகப் பேச்சு. செய்யிறதையும் செஞ்சிட்டு என் தோள்ல வேற தட்டுறா.

பிப்ரவரி 9

ஜோடி மாற்றித் தரக் கேட்டேன். அலுவலகக்காரர் தலையே தூக்கவில்லை. “வருஷம் முழுக்க ஒரே ஜோடிதான். கடிக்குதுன்னு மாத்துறதுக்கு இது என்ன செருப்பா?”

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன். ஒருத்தனைக் கேவலமாகப் பேச வேண்டுமென்றால் என்ன சொல்கிறோம்? ஜால்ரா. ஒத்து ஊதுகிறான். தாளம் போடுகிறான். பின்பாட்டுப் பாடுகிறான். அத்தனையும் என் தொழில்! கூட நின்று வாசிக்கிறவனைத் திட்டுவதற்கு இத்தனை வார்த்தைகள் வைத்திருக்கிற பாஷையில், கூட நின்று வாசித்துப் பட்டம் வாங்கப் புறப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22

அண்ணன் போன் செய்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிக்கிறான்.

“லிஃப்ட் ஒழுங்கா ஓடினா எவனாவது எங்கள நினைக்கிறானா? பாதியில நின்னாத்தான் போன் நம்பரே தேடுவான்.”

“அப்போ நிறுத்தச் சொல்றியா?”

“அடிப்பாவி, நான் எப்ப சொன்னேன்?”

அவன் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

மார்ச் 10

பயிற்சி அறையில் இன்றும் அதே இடத்தில் தாவினாள். நானும் கூடவே போனேன். சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வாள். திருத்திக்கொண்டால் அரையாண்டில் தாவியது நான்தான் என்றே ஆகிவிடும். தேர்வன்று தாவட்டும். நான் தாளில் இருப்பதை இருக்கிறபடி வாசிப்பேன். அதைத்தானே கேட்டார்கள்?

நான் செய்வது தப்பா? தாளைப் பின்பற்றுவது எப்படித் தப்பாகும்?

மார்ச் 24

தாவினாள். தாவினேன். “இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல?” என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

முடிந்தது.

மூன்றாம் வரி முடியும்போதே தெரியும். தாவப் போகிறாள் என்றால் மூச்சைக் கொஞ்சம் சீக்கிரம் இழுப்பாள், அது எனக்கு மட்டும்தான் தெரியும். இழுத்தாள். என் கை ஐந்தாம் வரிக்குப் போகத் துடித்தது. போக விடவில்லை. நான்காம் வரியை வாசித்தேன். அவள் ஐந்தைப் பாடினாள். இரண்டும் முட்டிக்கொண்டன. கண்ணை மூடியிருந்தவரே திறந்துவிட்டார். அவள் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தபடி வரியை முடித்தேன்.

“சரி, அடுத்த பாட்டுக்குப் போங்க” என்றார் தேர்வாளர். மீதியைப் பாடினாள். குரலே இல்லை.

ஜெயித்துவிட்டேன். ராத்திரி சாப்பிடப் போகாமல் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

நடைவழியில் நிறுத்தினாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

“அப்போ... போன தடவையும் நான்தானா?”

“ஆமா.”

“பயிற்சியிலயும் தாவியிருக்கேனா?”

“ம்.”

“எத்தன தடவ?”

“எண்ணல.”

“ஏன்டி ஒரு தடவகூடச் சொல்லல?”

“நீ கேட்டியா?” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

என்ன பதில் அது! அவ எப்படிக் கேப்பா? தாவுறதே தெரியாதவ என்னன்னு கேப்பா? மார்ச்சில் சொல்லாததற்குக் காரணம் பழி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில்? ஆகஸ்டில்? ஜோடி சேர்ந்த புதிதிலேயே பயிற்சியில் தாவத்தான் செய்தாள், அப்போது எந்தப் பகையும் இல்லையே. அப்போதும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பிடித்திருந்தது. அவள் விழ, நான் தாங்க, அவளுக்கே தெரியாமல் அவளைவிட நான் ஒரு படி மேலே. அந்தச் சுகத்துக்காக அந்த வரியை அவளுக்கு வரவிடாமலே வைத்திருந்தேன். த்தூ. இத்தனை நாள் அவள்மீது வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரல் 29

எனக்கு நாற்பத்தைந்து. மொத்தம் அறுபத்தெட்டு. பக்கவாத்தியப் பிரிவில் இடம் எனக்குத்தான். அவளுக்கு இருபத்தொன்று, மறுதேர்வு.

கையெழுத்துப் போடப் போனபோது அலுவலகக்காரர், “உனக்கு அரையாண்டு மார்க்கும் ஏறப் போகுது. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு, தான்தான் தாவினதா” என்றார். என்றைக்கு என்று கேட்டேன். பதினேழாம் தேதியாம். நான் ‘நீ கேட்டியா’ என்று கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே.

இப்ப எதுக்கு அது? எனக்குத்தான் வேண்டியதில்லையே! இப்படியா ஒருத்தி பழி வாங்குவாள்?

மே 2

மறுதேர்வுக்கு வாசிக்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மே 6

நான்காம் எண் பயிற்சி அறை. கதவைத் தட்டிவிட்டுத்தான் போனேன். “தாவினா நிறுத்துவேன்” என்றேன். “நிறுத்து” என்றாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் பியானோ மூடியைத் திறந்தேன்.

எட்டு தடவை தாவினாள். எட்டு தடவையும் கையை எடுத்தேன். கை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் காது சிவந்தது. ஆறாவது தடவை மஃப்ளரைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். எனக்கும் எரிச்சல்தான், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஒன்பதாவது தடவை நான்காம் வரியைப் பாடினாள். வருஷம் முழுக்க அவளுக்கு வாசித்திருக்கிறேன், அந்த வரியை அவள் குரலில் இன்றுதான் கேட்கிறேன். நான் நினைத்திருந்ததைவிட நிதானமாக இழுத்தாள். பாதி வரியில் அவளே நிறுத்திவிட்டாள்.

“நீ முந்துற” என்றாள்.

முந்தித்தான் இருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.