தேயாத பிரேக் கட்டை

நேற்று உன் காரியத்துக்கு நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து முத்தாண்டிக்குப்பம் வந்தேன். உன் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அடியில் ஒரு கறுப்புக் கட்டையைச் செருகியிருந்தார்கள். குனிந்து எடுத்துப் பார்த்தேன். கார்பன் இழையையும் பீங்கான் மாவையும் சேர்த்து அழுத்திச் சுட்ட அதே பிரேக் கட்டை. தேய்மானம் பார்க்க நீ ரம்பத்தால் போட்ட கோடு அப்படியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன்.

எண்பதுகளின் நடுவில் அது சோதனைக்கு வந்தபோது நாம் மைன்ஸில் நிலக்கரி ஏற்றும் கன்வேயர் பெல்ட் பகுதியில் இருந்தோம். நான் பெர்மனென்ட், அளவு எடுப்பவன். நீ கான்ட்ராக்ட் ஃபிட்டர். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கட்டைகள் சூடேறினால் வழுக்கும், நாறும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். அதனால் எந்தக் கட்டை வந்தாலும் நாலைந்து தடவை பிரேக் போட்டு, கட்டை அழுத்திப் பிடிக்கும் டிரம்மைச் சூடாக்கிய பிறகுதான் சோதிப்போம். சூட்டில் பிடித்தால் எப்போதும் பிடிக்கும் என்பது நம் ஆட்களின் கணக்கு. புதுக் கட்டை சூட்டில் உடும்புப் பிடியாகப் பிடித்தது. தேய்மானமே இல்லை. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

நீ மட்டும்தான் முகம் சுளித்தாய். "வெடியகால சிப்டுல வந்து பாருங்க சார். பனில நனைஞ்சிகினு கெடக்கசொல்ல இது புடிக்கவே மாட்டேங்குது. சூடு ஏறனாதான் வேலை செய்யுது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து, ஈரமாய்க் குளிர்ந்து கிடந்த டிரம்மில் அளந்தேன். சூட்டில் இருந்த பிடிமானத்தில் பாதிகூட இல்லை. நம் கணக்கு இந்தக் கட்டைக்குத் தலைகீழ். எழுதிய பக்கத்தை நீட்டினேன். அதிகாரி சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "சூட்டுச் சோதனைதான் கேட்டிருக்காங்க. இதச் சேக்க வேண்டாம்" என்றார். நானும் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதுக் கட்டைகளைப் பெல்ட்டுக்கு மாட்டிய மூன்றாவது வாரம், தூறல் விழுந்த ஒரு விடியலில், மேட்டில் நிலக்கரியோடு நின்றிருந்த பெல்ட் பிரேக்கை மீறிப் பின்னால் சரிந்தது. உருளையில் சிக்கிய கட்டியை எடுக்கக் கை விட்டிருந்த உனக்கு இரண்டு விரல்கள் போயின. பிரேக்கைச் சூடேற்றாமல் கை வைத்தது உன் தப்பு என்று விசாரணையில் எழுதினார்கள். சூடேற்றிவிட்டுக் கை வை என்று எவன் உனக்கு உத்தரவு போட்டான்? பெர்மனென்ட் ஆகக் காத்திருந்த உன் பெயர் அதோடு போயிற்று. அந்தக் கட்டைகளை மட்டும் சத்தமில்லாமல் கழற்றினார்கள்.

விசாரணை முடியுமுன்பே ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். விசாரணையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கட்டுப் போட்ட கையை நீட்டித் தடுத்தாய். "வேணாம் சார். ஒங்களயும் தூக்கிடுவாங்க. குவார்ட்டர்ஸு பூடும், புள்ளைங்கள இட்டுகினு எங்க போவீங்க? என் தப்புன்னே இருக்கட்டும்."

யார் கேட்டார்கள் உன் பெருந்தன்மையை? உனக்குப் பிள்ளை இல்லையா? என் சட்டையைப் பிடித்து உலுக்கி, போய்க் கொடுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சார் என்று கூப்பிடாதே என்று எத்தனை முறை சொன்னேன், அதைக்கூட நீ கேட்கவில்லை. நீ தடுத்ததால்தான் நின்றேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். நீ தடுப்பாய் என்று தெரிந்துதான் முதலில் உன்னிடம் காட்டினேன். விசாரணை நடந்த அறை ஆஸ்பத்திரியைவிடப் பக்கத்தில்தான் இருந்தது.

"அது எங்கப்பா வச்சிருந்தது சார்" என்று, நேற்று கட்டையோடு நின்றிருந்த என்னருகே உன் மகள் வந்து நின்றாள். "கவனமில்லாம வெரல வுட்டுட்டேன்னு அவுரே சொல்லுவாரு."

வீட்டிலுமா? பெற்ற மகளிடமுமா அதையே சொன்னாய்?

எதற்கென்று தெரியாமலே பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தேன் அந்தப் பக்கத்தை. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அவள் கையில் கொடுத்தேன். "உங்கப்பா மேல தப்பே இல்லம்மா. பிரேக் பிடிக்காதுன்னு அவர்தான் முதல்ல சொன்னார். அளந்து எழுதினது நான். அப்பவே கொடுத்திருக்கணும், கொடுக்கல."

படித்தாள். அழவில்லை, திட்டவுமில்லை. மடித்துத் திருப்பி நீட்டினாள்.

"அவுரு இருக்கசொல்ல குடுத்திருக்கணும் சார். இப்ப நீங்களே வச்சிக்குங்க."

என் கையிலிருந்த கட்டையை வாங்கி மறுபடியும் கதவடியில் செருகினாள். பக்கம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.